உதவி மையக் கட்டுரைகளில் விடையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

வங்கி, தொலைபேசி நிறுவனம், மென்பொருள் நிறுவனம் எதுவானாலும், வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடிப் போகிறவர் இன்று முதலில் போய்ச் சேரும் இடம் உதவி மையம்தான். கேள்வி பதிலாகவும் படிப்படியான விளக்கமாகவும் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளும், பக்கத்தின் தலைப்பில் ஒரு தேடல் பெட்டியும் அங்கே இருக்கும். பேசுவதற்கு ஆள் கொடுக்காமல் தட்டிக்கழிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வோர் பலர். அந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் மறுமுனையில் தொலைபேசியை எடுக்கும் முதல்நிலை ஊழியரும் பெரும்பாலும் அதே கட்டுரைகளைத் திரையில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார் என்பதால், அவற்றை நாமே சரியாகத் தேடிப் படித்துக்கொண்டால் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். தேடியும் விடை கிடைக்காமல் போவதற்குப் பல நேரங்களில் கட்டுரை இல்லாதது காரணமாக இருப்பதில்லை. நாம் தட்டும் சொல்லும் அவர்கள் எழுதிய சொல்லும் ஒத்துப்போகாததே காரணம்.

கட்டுரை எந்த அச்சில் எழுதப்படுகிறது என்று தெரிந்தால் தேடுவது எளிது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பழைய உதவிக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு அந்த அச்சு நன்கு பழக்கமானது: முதலில் அறிகுறிகள், அடுத்து காரணம், பிறகு தீர்வு, தீர்வு இன்னும் வராதபோது தற்காலிக மாற்றுவழி, கடைசியில் இக்கட்டுரை எந்தெந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியல். மற்ற நிறுவனங்கள் தலைப்புகளை மாற்றிக்கொண்டாலும் உள்ளடக்கத்தின் வரிசை ஏறக்குறைய இதுவே. இதில் அறிகுறிகள் என்ற பகுதியில்தான் திரையில் தோன்றும் பிழைச் செய்தி எழுத்து மாறாமல் பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். கோளாறுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று நாமே ஊகித்து அந்த ஊகத்தைத் தேடினால், ஊகம் தவறும்போது தேடலும் முழுவதுமாகத் தவறிப்போகும். திரை என்ன சொன்னதோ அதைத் தேடுவதே பாதுகாப்பானது.

தேடல் பெட்டிக்குப் போகும் முன் மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பொருளின் முழுப்பெயர் ஒன்று. அதன் பதிப்பு எண் மற்றொன்று. பிழைச் செய்தி வேறொன்று. விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'வின்வெர்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பும் பில்டு எண்ணும் ஒரு சிறு பெட்டியில் தோன்றும். ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ் பகுதியின் கடைசியில் பெரும்பாலும் 'அபவுட் ஃபோன்' என்று இருக்கும். பிழைச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள முயலாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பின்னால் புகார் எழுத நேர்ந்தால் அந்தப் படம் இன்னொரு முறையும் பயன்படும்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

உறவினரிடம் சொல்வதுபோல முழு வாக்கியமாகத் தட்டுவது பலருக்குப் பழக்கம். கூகுள் போன்ற பெரிய தேடுபொறிகள் அதைப் புரிந்துகொள்ளக்கூடும். ஒரு நிறுவனத்தின் உதவி மையத்துக்குள் இருக்கும் சிறிய தேடல் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு சாமர்த்தியம் உடையது அல்ல. 'எப்படி', 'என்ன செய்வது', 'தயவுசெய்து' ஆகியவற்றை நீக்கிவிட்டு, எந்தப் பகுதியில் கோளாறு என்பதற்கு ஒரு சொல்லும் என்ன கோளாறு என்பதற்கு ஓரிரு சொற்களும் என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 'என் பிரிண்டர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை' என்பதைவிட 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்பது விரைவாக வழிகாட்டும். ஏனெனில் கணினி அந்தப் பிரிண்டரின் பெயருக்குக் கீழே காட்டும் சொல் 'ஆஃப்லைன்' என்பதே.

அடுத்ததாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிகளுக்குத் தானே பெயர் சூட்டியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஜிமெயிலில் தவறுதலாக அனுப்பிய கடிதத்தை உடனே நிறுத்த விரும்புகிறவர் 'அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறுதல்' என்று தேடுவார். கூகுள் அந்த வசதிக்கு வைத்திருக்கும் பெயர் 'அன்டூ சென்ட்'. அந்தப் பெயரைப் பிடித்துவிட்டால், 5, 10, 20, 30 விநாடிகளில் ஒன்றைக் காத்திருப்பு நேரமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விவரம் வரை ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும். கணக்கை வேறு எவரும் தங்கள் கைபேசியில் பதிவு செய்துகொள்ளாமல் வாட்ஸ்அப்பில் பாதுகாக்க நினைப்பவர் 'பூட்டு' என்று தேடினால், செயலியையும் தனித்தனி உரையாடல்களையும் பூட்டும் வசதிகளே முன்னே வரும். அவருக்கு வேண்டிய 6 இலக்க ரகசிய எண் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற தலைப்பில் இருக்கிறது. பெயர் தெரியாதபோது செயலியின் மெனுக்களைத் திறந்து, நமக்கு வேண்டிய பொருளுக்கு நெருக்கமாக அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லை அப்படியே எடுத்துத் தேடுவதே சுருக்கமான வழி. முதல் தேடலில் பாதி பொருந்தும் கட்டுரை ஒன்று வந்தாலும் நல்லதே. அதைத் திறந்து அதில் வழங்கும் கலைச்சொற்களைக் கொண்டு இரண்டாம் முறை தேடினால் பெரும்பாலும் சரியான இடம் வந்து சேரும்.

தேடல் கைவிட்டால் பிரிவுகளின் வழியாக இறங்கிப் பார்க்கலாம். உலகெங்கும் நிறுவனங்கள் தங்கள் உதவி மையங்களை நடத்தப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இரண்டு நம் சென்னை மண்ணோடு தொடர்புடையவை: 2010ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட ஃப்ரெஷ்டெஸ்க் ஒன்று, ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ டெஸ்க் மற்றொன்று. ஃப்ரெஷ்டெஸ்க்கில் பிரிவு, அதற்குள் கோப்புறை, அதற்குள் கட்டுரை என்று மூன்று அடுக்கு. ஸென்டெஸ்க் போன்ற பிற மென்பொருள்களிலும் இதற்கு நெருக்கமான அமைப்பே உண்டு. கட்டுரையின் தலைப்புக்கு மேலே சிறிய எழுத்தில் இந்த அடுக்குகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சற்றே தவறிய கட்டுரையில் வந்து நிற்கும்போது, தேடல் பெட்டிக்குத் திரும்பாமல் அந்த வரிசையில் ஒரு படி மேலே சொடுக்கினால், அதே பொருளைச் சேர்ந்த மற்றக் கட்டுரைகள் எல்லாம் கண்ணெதிரே வரும்.

எண்களின் உதவி

பிழைக் குறியீடு இருந்தால் சொற்களைவிட அதை நம்பித் தேடலாம் என்பது பொது அறிவுரை. அது சரிதான், ஆனால் முழுவதும் சரியல்ல என்பதற்கு விண்டோஸ் 10இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று. 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட்டுகளில் கேபி5034441 என்பது ஒன்று ('கேபி' என்பது மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் கட்டுரைகளின் எண்களுக்கு முன்னால் இடும் எழுத்துகள்). கணினி தொடங்க மறுக்கும்போது கைகொடுக்கும் மீட்புச் சூழலில், வட்டின் பூட்டை மீறிச் செல்ல வழிவிட்ட ஒரு பாதுகாப்புக் குறையை அடைப்பது அதன் வேலை. அது பலருடைய கணினிகளில் ஏறாமல், 80070643 என்று முடியும் குறியீட்டைக் காட்டி நின்றது. அந்தக் குறியீட்டுக்குப் பொருள் 'நிறுவுதல் தோல்வி' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேறு பல காரணங்களுக்கும் அதே குறியீடு தோன்றுவது உண்டு என்பதால், அதை மட்டும் தட்டித் தேடினால் டாட்நெட் என்ற மென்பொருளின் கோப்புகளைப் பழுதுபாருங்கள், அப்டேட் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள் என்று பல திசைகளில் இழுக்கும் அறிவுரைகளே கிடைக்கும்.

அந்த அப்டேட்டின் எண்ணைத் தேடியவர்களுக்கு வேறு பக்கம் திறந்தது. வட்டில் மீட்புச் சூழலுக்கென ஒதுக்கிய மீட்புப் பிரிவில் 250 எம்பி காலியிடம் வேண்டும் என்பதும், இடம் போதவில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் பிழைகளைக் கையாளும் நிரலில் இருந்த ஒரு தவறால் இந்தப் பொதுக் குறியீடு வரக்கூடும் என்பதும், மீட்புப் பிரிவே இல்லாத கணினிக்கு இந்த அப்டேட் தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதும் அந்தப் பக்கத்தில் தெளிவாக இருந்தன. பிரிவைப் பெரிதாக்கும் முறை கேபி5028997 என்ற தனிக் கட்டுரையில் இருந்தது. பிழைக் குறியீடு நோயின் பொதுப்பெயரைச் சொல்வது. எந்தச் செயலின்போது அது வந்தது என்பதைக் காட்டும் அப்டேட் எண்ணையோ வசதியின் பெயரையோ அதனுடன் சேர்த்தால்தான் தேடல் குறுகும். குறியீட்டைத் தட்டும்போது முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸ் எழுத்தையும் விடாமல் சேர்த்துத் தட்டுங்கள். அதில் கிடைக்காவிட்டால் அவற்றை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள்.

உதவி மையத்தின் சொந்தத் தேடல் பெட்டி மந்தமாக இருந்தால் வெளியிலிருந்து அதனுள் தேடவும் வழியுண்டு. கூகுளில், 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதை ஒட்டி முக்காற்புள்ளியையும் அதை ஒட்டி அந்த உதவித் தளத்தின் முகவரியையும் இடைவெளி விடாமல் தட்டி, பிறகு ஓர் இடைவெளி விட்டு நம் தேடுசொற்களைத் தந்தால், அந்தத் தளத்துக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டும் முடிவுகளாக வரும். பிழைச் செய்தியை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால் அந்தச் சொற்றொடர் அதே வரிசையில் உள்ள பக்கங்களைக் கூகுள் தேடும். செய்தியில் நம் பெயரோ கோப்பின் பெயரோ கலந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் அகப்படாது.

கூகுளின் உதவித் தளத்தில் ஒரு நுட்பம் உண்டு. முகவரியில் 'ஆன்சர்' என்ற சொல்லைக் கொண்ட பக்கங்கள் நிறுவனமே எழுதியவை. 'திரெட்' என்ற சொல்லைக் கொண்டவை பயனர்கள் கேட்டுப் பயனர்கள் பதில் சொன்னவை. இரண்டாவது வகையிலும் சில நேரங்களில் அருமையான விடைகள் கிடைக்கும். ஆனால் கணக்கு, கடவுச்சொல், பணம் ஆகியவற்றைத் தொடும் எதற்கும் முதல் வகையை மட்டுமே நம்புவது என் வழக்கம்.

கட்டுரையைச் செய்வதற்கு முன் படித்தல்

கட்டுரை அகப்பட்டவுடன் முதல் படியிலிருந்து செய்யத் தொடங்கிவிடுவது மனித இயல்பு. எனினும் முதலில் பார்க்க வேண்டியவை தேதியும் பொருந்தும் பதிப்பும். ஆப்பிள் கட்டுரைகளில் வெளியிட்ட தேதி பக்கத்தின் அடியில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கட்டுரைகள் பலவற்றில் பொருந்தும் பதிப்புகளின் வரிசை தலைப்புக்குக் கீழே இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டபடியால், அதற்கென எழுதிய பக்கத்தை விண்டோஸ் 11இல் செய்துபார்ப்பவரும், இதற்கு நேர்மாறாகச் செய்பவரும் இன்னும் சில ஆண்டுகளுக்கு இருந்துகொண்டேதான் இருப்பார்கள். 'கட்டுரையில் சொல்லும் பொத்தான் என் திரையில் இல்லையே' என்று திகைக்க நேர்ந்தால், பத்தில் எட்டு முறை பதிப்பு வேறாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூகுள் உதவிப் பக்கங்களில் கணினி, ஆண்ட்ராய்டு, ஐஃபோன் என்று தாவல்கள் (டேப்) இருப்பதையும் கவனிக்க வேண்டும். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கணினிக்கான படிகளைப் பின்பற்றி அலுத்துப்போனவர்கள் ஏராளம். ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை, கைபேசி தயாரிப்பாளர்கள் செட்டிங்ஸ் மெனுவைத் தத்தம் விருப்பப்படி மாற்றி அடுக்கியிருப்பார்கள். கூகுளின் கட்டுரையில் உள்ள பாதை பொருந்தாதபோது, செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்த வசதியின் பெயரைத் தட்டினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பல உதவிப் பக்கங்கள் இன்று தமிழில் கிடைக்கின்றன. கருத்தைப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆனால் கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்பவருக்குத் தமிழ்க் கட்டுரையில் உள்ள மெனுப் பெயர்கள் திரையில் காணக்கிடைக்காது. கருவியின் மொழியும் கட்டுரையின் மொழியும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தடுமாற்றம் வராது. பக்கத்தின் அடியில் மொழியை மாற்றும் பட்டியல் இருக்கும். தமிழில் தேடிச் சில முடிவுகளே வந்தாலும், ஆங்கிலத்துக்கு மாற்றி ஒருமுறை தேடிவிட்டுத்தான் கட்டுரையே இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

நீண்ட கட்டுரையில் நமக்கு வேண்டிய வரியைக் கண்டுபிடிக்க கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தித் தேடலாம். சில தளங்களில் பகுதிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரித்த பிறகு தேடுவது நல்லது. எந்தப் படியையும் செய்வதற்கு முன் கட்டுரையைக் கடைசிவரை படித்துவிடுங்கள். 'இதனால் சேமித்த தரவு அழியும்' என்ற எச்சரிக்கை ஏழாம் படியில் ஒளிந்துகொண்டிருப்பதும் உண்டு.

பணம் சம்பந்தப்பட்டபோது

யுபிஐ வழியாக அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து, பெறுநருக்குப் போய்ச் சேராத நிலையில் தேடுவது தனி வகை. பதற்றத்தில் 'பணம் போய்விட்டது' என்று தேடினால் மோசடி பற்றிய கட்டுரைகள் வரும். செயலியின் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு, அது 'பெண்டிங்' என்று இருக்கிறதா 'ஃபெயில்டு' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வழிகள் வேறு. பெரும்பாலான செயலிகளில் அந்தப் பரிவர்த்தனைப் பக்கத்திலேயே உதவிக்கான பொத்தான் இருக்கும். அதன் வழியாக நுழைந்தால் பொதுவான கட்டுரைகளைக் கடந்து, அந்த நிலைக்குரிய விளக்கத்துக்கே நேராகப் போகலாம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்வதும் அங்கேயே முடிந்துவிடும், வங்கியும் அதைத்தான் கேட்கும்.

செயலியின் கட்டுரையில் 'சில நாட்கள் காத்திருங்கள்' என்று மட்டும் இருந்தால், அந்தச் சில நாட்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வரம்பு வகுத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நபருக்கு நபர் அனுப்பிய பணம் பெறுநருக்குச் சேராதபோது மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதி வராதபோது ஐந்து நாளுக்குள்ளும் கணக்கில் திரும்பியிருக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நிறுவனத்தின் உதவிக் கட்டுரைகள் நிறுவனத்தின் கோணத்தில் எழுதப்பட்டவை என்பதால், இத்தகைய விவரங்களுக்கு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தையும் சேர்த்துத் தேடுவது அவசியம்.

இந்த இடத்தில் கட்டாயம் எச்சரிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று பொதுத் தேடுபொறியில் தட்டி, முதலில் வரும் எண்ணுக்குப் பேசுவது ஆபத்தானது. மோசடிக்காரர்கள் விளம்பரங்களிலும் வரைபடக் குறிப்புகளிலும் போலி எண்களைப் பதித்து வைப்பது நாடறிந்த தந்திரம். செயலிக்குள்ளிருந்தோ, வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ, நாமே முகவரியைத் தட்டித் திறந்த அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ மட்டுமே எண்ணை எடுக்க வேண்டும். உண்மையான எந்த உதவிக் கட்டுரையும் ஓடிபியையோ யுபிஐ ரகசிய எண்ணையோ ஊழியரிடம் சொல்லும்படியும், திரையைப் பகிரும் செயலியை நிறுவும்படியும் கேட்காது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

கட்டுரை கைவிடும்போது

உதவித் தளத்தில் தானாகப் பதில் தரும் சாட்பாட்டிடம் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் அதுவும் இதே கட்டுரைகளிலிருந்துதான் பதிலைக் கோத்துத் தருகிறது. வேறு பதிப்புக்கு உரிய படிகளை இதற்குள் கலந்துவிடவும் கூடும் என்பதால், எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து சரிபார்த்த பிறகே செயல்பட வேண்டும்.

கட்டுரையின் அடியில் 'இது பயனுள்ளதாக இருந்ததா?' என்ற கேள்வி இருக்கும். 'இல்லை' என்பதைத் தொட்டு, எந்தப் படியில் தடைப்பட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உதவி மையத்தை நடத்துவோர் கையில் எந்தக் கட்டுரைக்கு எத்தனை 'இல்லை' விழுந்தது என்ற கணக்கும், சில மென்பொருள்களில் எந்தத் தேடுசொல்லுக்கு முடிவே வரவில்லை என்ற பட்டியலும் இருக்கின்றன. கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் அவற்றைப் பார்த்தே திருத்துகிறார்கள்.

எல்லாம் முயன்ற பிறகு புகாரைப் பதியும்போது, தலைப்பைத் தட்டத் தொடங்கியதுமே சில தளங்கள் தொடர்புடைய கட்டுரைகளைக் கீழே காட்டும். அதையும் ஒரு தேடலாகக் கருதி ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகாரின் உடலில் பொருளின் பெயர், பதிப்பு, பிழைச் செய்தி, எப்போதிலிருந்து என்பது, நீங்கள் படித்த கட்டுரையின் தலைப்பு அல்லது எண், அதில் எந்தப் படிவரை செய்தீர்கள், அங்கே என்ன நடந்தது ஆகியவற்றை எழுத வேண்டும். 'கேபி5028997 கட்டுரையின்படி செய்தேன். மீட்புப் பிரிவைப் பெரிதாக்கும் படியில் இந்தச் செய்தி வந்தது. படம் இணைத்துள்ளேன்' என்று எழுதியவருக்கு அதே கட்டுரையின் இணைப்பையே பதிலாக அனுப்பிவிட்டுப் புகாரை முடிக்க ஊழியரால் இயலாது. புகார் அடுத்த நிலைக்குப் போகும். இவ்விவரங்கள் இல்லாத புகாருக்கு முதல் பதிலாக வருவது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே படித்து முடித்த பக்கம்தான்.

புகார் எண் வந்ததும் அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். வங்கி அல்லது பணப்பரிவர்த்தனை நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; மற்றப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இரண்டு இடத்திலும் நிறுவனத்திடம் பதிந்த புகாரின் எண்ணும் தேதியும் தேவைப்படும்.